பிரிவதென்று இருவரும் முடிவெடுத்த பிறகு மத்தியஸ்தம் உதவுமா? (மட்டக்களப்பு, அம்பாறை ஆட்கள் சொல்லுங்கள்)

களுவாஞ்சித் தம்பி

எல்லோருக்கும் வணக்கம். அக்காவின் விசயமாகக் கேட்கிறேன்.

அக்காவும் அத்தானும் இனிச் சேர்ந்து வாழ்வதில்லை என்று முடிவெடுத்துவிட்டார்கள். அடிதடி, குடி ஒன்றும் இல்லை. அத்தான் கன வருசமாகக் கட்டாரில். லீவில் வந்து போகிற வாழ்க்கையில் இரண்டு பேரும் இரண்டு திசையில் போய்விட்டார்கள். மகள் ஸ்கொலர்ஷிப் வகுப்பு, மகன் நேர்சரி.

சண்டையெல்லாம் வீட்டைப் பற்றித்தான். காணி அம்மா அக்காவுக்குச் சீதனமாகக் கொடுத்தது. பழைய வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டியது அத்தானின் கட்டார்க் காசில். அந்த நேரம் காசு போதாமல் அக்காவின் நகையை அடகு வைத்தார்கள், அது இன்னும் மீளவில்லை. அக்காவின் பெயரில் எடுத்த குழு லோனும் ஓடுகிறது. அத்தான் ‘என் வியர்வை’ என்கிறார், அம்மா ‘என் தாய் தந்த மண்’ என்கிறா. சொந்தக்காரர் கூடிப் பேசிய ஒவ்வொரு தடவையும் கடைசியில் சத்தம்தான்.

இரண்டு பக்கமும் லோயர் பார்க்கக் கிளம்பிவிட்டார்கள். அதற்கு முதல் மத்தியஸ்த சபைக்கு (வழக்கில்லாமல் பிணக்கைப் பேசித் தீர்க்கிற சபை) போகலாமா? போனால் ‘பிள்ளைகளுக்காகச் சேர்ந்து இருங்கள்’ என்று அனுப்பிவிடுவார்கள் என்று அக்கா பயப்படுகிறா.

படுவான்கரையான்

தம்பி, கோட்டுப் படி ஏற வேண்டாம். ஏறினால் பிள்ளைகள் வளர்ந்து முடியும்வரை தவணைதான். எங்கள் பக்கம் இரண்டு தாய்வழிக் குடியிலும் மதிப்பான ஆட்களையும் கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரையும் கூப்பிட்டு வைத்துப் பேசினால் தொண்ணூறு வீதம் சரிவரும். ஊர் முன்னால் கொடுத்த வாக்கை மீற ஆட்கள் யோசிப்பார்கள். பேப்பரில் எழுதியதை விட அது பலம்.

கல்லடிப் பாலத்தடி

படுவான்கரை அண்ணன், உங்கள் மனது நல்லது, ஆனால் ஒன்று கேளுங்கள். என்னையும் அப்படித்தான் ஊர் முன்னால் இருத்தினார்கள். நான் அடி வாங்கிக்கொண்டிருந்த காலம். பெரியவர்கள் எல்லாரும் ஆம்பிளைகள். அவரை ‘இனிக் கை நீட்ட மாட்டேன்’ என்று சொல்ல வைத்து, என்னை அன்றே அவரோடு அனுப்பினார்கள். பிறகு பொலிசுக்குப் போனேன், அங்கேயும் சமாதானமாகப் போகச் சொன்னார்கள். ஊர் முன்னால் கொடுத்த வாக்கு எத்தனை நாள் நின்றது என்று நான் சொல்லத் தேவையில்லை.

என்னைக் காப்பாற்றியது நீதவான் தந்த பாதுகாப்புக் கட்டளை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் 12 மாதம்வரை அப்படிக் கட்டளை எடுக்கலாம். வாசிக்கிற தங்கச்சிமாருக்குச் சொல்கிறேன்: அடி இருந்தால், பயம் இருந்தால், யார் கூப்பிட்டாலும் ஒரே மேசைக்குப் போக வேண்டாம். 1938க்கு எடுங்கள், பெண்களுக்கான உதவி இலக்கம் அது. பிள்ளைகளுக்கு ஆபத்து என்றால் 1929. மட்டக்களப்பில் சூரியா பெண்கள் அபிவிருத்தி நிலையம் இருக்கிறது, போய்க் கதைக்கலாம்.

தம்பியின் அக்கா விசயத்தில் அடிதடி இல்லை என்கிறார். அப்படியென்றால் பேசிப் பார்க்கலாம். ஆனால் அக்காவைத் தனியாக வைத்து ஒருமுறை கேளுங்கள். தம்பிக்குச் சொல்லாத விசயம் இருக்கலாம்.

கோட்டடிச் சட்டத்தரணி

கல்லடித் தங்கையின் கடைசி வரியை நான் வழிமொழிகிறேன். மத்தியஸ்தத்துக்கு முதல் கேட்க வேண்டிய கேள்வி அதுதான்.

இப்போது தம்பியின் கேள்வி. மத்தியஸ்த சபைகள் 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தில் அமைந்தவை. சில வகைக் காசுப் பிணக்குகளுக்குச் சபைக்குப் போய் ‘இணக்கம் ஏற்படவில்லை’ என்ற சான்றிதழ் எடுத்த பிறகே வழக்குப் போடலாம். விவாகரத்தும் பிள்ளைப் பொறுப்பும் அந்தக் கட்டாயத்துக்குள் வராது, நேரே நீதிமன்றம் போகலாம். ஆனால் இருவரும் விரும்பி வந்தால் வீடு, கடன், நகை, பிள்ளைச் செலவு பற்றிப் பேச சபை இடம் தரும். சபையில் சட்டத்தரணி ஆஜராக முடியாது. அங்கே பேசியதை நாளைக்கு வழக்கில் சாட்சியாக எடுத்து வீசவும் முடியாது. இந்த இரண்டும் நல்லதுதான், ஆட்கள் மனம் விட்டுக் கதைப்பார்கள்.

சபை என்ன செய்தாலும் விவாகரத்துத் தர முடியாது. நொத்தாரிசிடம் போய் ‘நாங்கள் பிரிந்துவிட்டோம்’ என்று எழுதிக் கையெழுத்து வைத்தாலும் அது விவாகரத்து இல்லை. அந்தத் தாளை நம்பி மறுமணம் செய்து மாட்டிக்கொண்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பொதுச் சட்டத்தில் பதிந்த திருமணம் என்றால் மாவட்ட நீதிமன்றம் ஒன்றுதான் வழி. அங்கேயும் இருவரும் சம்மதம் என்ற காரணம் போதாது. 1907ஆம் ஆண்டுத் திருமணப் பதிவுச் சட்டம் ஏற்கிற காரணங்கள் மூன்றே: திருமணத்துக்குப் பிறகான சோரம், கெட்ட எண்ணத்தோடு கைவிட்டுப் போதல், திருமண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக்குறைவு. ஒருவர் மேல் குற்றம் சாட்டித்தான் ஆக வேண்டும். இந்தச் சட்டம் மாற வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன். சண்டை இல்லாமல் பிரிய வந்தவர்களைச் சண்டைக்காரர்களாக எழுத வைப்பது இந்தச் சட்டம்தான்.

அப்படியானால் மத்தியஸ்தத்தால் என்ன பிரயோசனம் என்று கேட்பீர்கள். வீடும் பிள்ளைகளும் காசும் முன்கூட்டியே தீர்ந்திருந்தால் விவாகரத்து வழக்கை மற்றவர் எதிர்க்க மாட்டார். எதிர்ப்பில்லாத வழக்கு சாட்சியோடு முடியும். இடைக்காலத் தீர்ப்பு வந்து 3 மாதம் கழித்து முடிவான தீர்ப்பு. எதிர்த்து நின்றால் அதே வழக்கு வருசக்கணக்கில் போகும். உங்கள் அக்கா மிச்சம் பிடிக்கப் போவது அந்த வருசங்களை.

லதா ரீச்சர்

நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. அம்பாறை மாவட்டக் கரையோரத்தில் ஒரு சபையில் மத்தியஸ்தராக இருந்தேன். தம்பி, அக்காவின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சேர்த்துவைப்பதுதான் புண்ணியம் என்று நினைக்கிற மத்தியஸ்தர்கள் இருக்கிறார்கள், அதை மறைக்க விரும்பவில்லை. ஆனால் சபைக்கு யாரையும் சேர்ந்து வாழச் சொல்லும் அதிகாரம் கிடையாது. முதல் நாளே அக்கா தெளிவாகச் சொல்லட்டும்: ‘நாங்கள் இருவரும் பிரிவது என்று முடிவெடுத்துவிட்டோம். எப்படிப் பிரிவது என்று பேசத்தான் வந்திருக்கிறோம்.’ அத்தானும் அதையே சொன்னால் பேச்சு சரியான தடத்துக்கு வந்துவிடும். பட்டியலில் இருந்து ஒவ்வொரு தரப்பும் ஒரு மத்தியஸ்தரைத் தெரிவு செய்யலாம், அந்த இருவரும் மூன்றாமவரைத் தெரிவு செய்வார்கள். அக்கா ஒரு பெண் மத்தியஸ்தரைத் தெரிவு செய்யட்டும். ஊருக்குள் முகம் தெரிந்த ஆள் வேண்டாம் என்றால் அதையும் சொல்லலாம்.

வீட்டு விசயத்தைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நம் பகுதியில் பிரிவு என்றால் எப்போதும் அங்கேதான் சிக்கும். யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ இருந்து ஆலோசனை சொல்பவர்களுக்கு இது புரிவதில்லை. இங்கே வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியேறுவார். தமிழர், முஸ்லிம்கள் இரு பக்கமும் இதே வழக்கம்தான். அதனால் பிரிவு வந்தால் வெளியே போகிறவர் ஆண். பெண்ணுக்குத் தலைக்கு மேல் கூரை நிற்கிறது, அது பெரிய பலம். ஆனால் வெளிநாட்டில் வெயிலில் நின்று உழைத்த மனிசன் ஒரு பேக்கோடு தாய் வீட்டுக்கோ சகோதரி வீட்டுக்கோ திரும்பிப் போவதை நாம் சின்ன விசயமாக எடுக்கிறோம். அங்கே சகோதரியின் புருசன் இருப்பார், இவருக்கு ஒரு அறை கூட இருக்காது. என் அனுபவத்தில் அத்தான்மார் ‘வீட்டை விற்றுப் பாதி தா’ என்று நிற்பதற்குக் காசை விட இந்த அவமானமே காரணம். அவர் போட்ட காசை யாராவது வாயைத் திறந்து ஒத்துக்கொள்ளும்வரை அவர் இறங்கி வர மாட்டார். நான் இருந்த பேச்சுகளில் பெண்ணின் தாய் ‘இந்த வீட்டைக் கட்டினது நீதான் மகன், நாங்கள் இல்லை என்று சொல்லவில்லை’ என்று சொன்ன பிறகு தொகை பேசுவது எவ்வளவு இலேசாகிறது என்று பார்த்திருக்கிறேன்.

தம்பி, உங்கள் அம்மாவை இதற்குத் தயார்படுத்த உங்களால்தான் முடியும்.

இன்னொன்று. காணி உறுதி (பத்திரம்) யார் பெயரில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள். ‘சீதனமாகக் கொடுத்தோம்’ என்று வாயால் சொல்வார்கள், நன்கொடை உறுதி எழுதப்பட்டிருக்காது. காணி இன்னும் அம்மாவின் பெயரில் என்றால் அக்காவும் அத்தானும் மட்டும் மேசையில் இருந்து பயனில்லை. அம்மாவும் வந்து கையெழுத்து வைக்க வேண்டும்.

திருக்கோவில் கடற்கரை

ரீச்சர் சொன்னதற்கு மறுபக்கமும் இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பிறகு எங்கள் பக்கம் கட்டிக் கொடுத்த வீடுகள் பலவற்றில் ‘குடும்பத் தலைவர்’ என்று புருசன் பெயரைப் போட்டார்கள். தாய்வழியாக வந்த வளவைக் கடல் கொண்டுபோனது, புது வீடு ஆம்பிளை பெயரில். என் தங்கச்சி பிரியும்போது அவள்தான் வெளியே போக வேண்டும் என்று அவர்கள் நின்றார்கள். சபையில் பேசி, பிள்ளைகள் இருக்கும்வரை அவள் இருக்கலாம் என்று எழுதினோம். ஆனால் பத்திரம் மாறவில்லை. அந்தப் பயம் இன்னும் இருக்கிறது.

கோட்டடிச் சட்டத்தரணி

திருக்கோவில் அண்ணன், அரச காணி அனுமதிப்பத்திரம் என்றால் இருவரும் ஒத்துக்கொண்டாலும் நினைத்தபடி பிரிக்கவோ மாற்றவோ முடியாது. பிரதேச செயலாளரின் அனுமதி வேண்டும். தங்கச்சி அந்த இணக்கப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு பிரதேச செயலகத்தின் காணிப் பிரிவுக்குப் போகட்டும். புருசன் சம்மதித்து எழுதிய தாள் கையில் இருப்பது கேட்பதற்கு நல்ல ஆதாரம்.

சம்மாந்துறை நானா

அஸ்ஸலாமு அலைக்கும், எல்லோருக்கும் வணக்கம். முஸ்லிம் வீட்டு ஆட்களும் இதை வாசிப்பார்கள் என்பதால் எழுதுகிறேன். எங்களுக்கு 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம், காதி நீதிமன்றம் (காதி என்றால் அங்கே விசாரிக்கிற நீதிபதி). மாப்பிள்ளை தலாக் (கணவன் சொல்கிற விவாகரத்து) அறிவித்தல் கொடுத்தால் காதி உடனே பதியக்கூடாது. 30 நாள் இருக்கிறது, அதற்குள் உறவினர், ஊர்ப் பெரியவர்கள், பள்ளிவாசலை நிர்வகிக்கிற நம்பிக்கையாளர்களை வைத்துச் சமரசம் முயல வேண்டும். சட்டத்திலேயே மத்தியஸ்தம் இருக்கிறது. மேலே சட்டத்தரணி சொன்ன குற்றம் சாட்டுகிற கட்டாயமும் எங்களுக்கு இல்லை. முபாரத் என்று இரு பக்கச் சம்மதத்தோடு பிரியலாம்.

ஆனாலும் எங்கள் ராத்தாமார், தங்கச்சிமார் படுகிற பாடு எனக்குத் தெரியும். சட்டம் பெண்ணைக் காதியாக நியமிக்க விடவில்லை. சட்டத்தரணியும் வரமுடியாது. ஒரு பெண் அறைக்குள் போனால் சுற்றி ஆண்கள். என் மருமகளின் விசயத்தில் பேச்சு முழுக்க ‘பொறு மகள், பொறு’ என்பதாகவே போனது. பிள்ளைச் செலவைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லை. நாங்கள் முதலே எல்லாக் கணக்கையும் எழுதிக் கொண்டுபோனதால்தான் அது பதிவானது. காதிக்குப் போவதற்கு முதல் வீட்டில் இரண்டு பக்கமும் இருந்து மகர் (மாப்பிள்ளை பெண்ணுக்குத் தர வேண்டிய மணக்கொடை), நகை, வீட்டுச் செலவு, பிள்ளைத் தாபரிப்பு (பராமரிப்புக் காசு) என்று தாளில் எழுதிக்கொண்டு போங்கள். பெண் பேச ஒரு பெண் துணையையும் கூட்டிப் போங்கள்.

லண்டனில் ஒரு மட்டக்களப்பான்

இங்கே எப்படி என்று சொல்கிறேன், ஒப்பிட்டுப் பாருங்கள். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2014 ஏப்ரலில் இருந்து பிள்ளை, சொத்து விசயமாகக் குடும்ப நீதிமன்றம் போக விரும்புகிறவர் முதலில் ஒரு மத்தியஸ்தரைச் சந்தித்து மத்தியஸ்தம் பொருந்துமா என்று கேட்டிருக்க வேண்டும். ‘மியாம்’ என்பார்கள். வீட்டு வன்முறைக்கு ஆதாரம் இருந்தால் அந்தக் கட்டாயம் இல்லை. 2021 மார்ச்சில் பிள்ளைகள் பற்றிய பிணக்குகளுக்கு அரசு 500 பவுண்வரை மத்தியஸ்தச் செலவைத் தரத் தொடங்கியது. 2022 ஏப்ரலில் இருந்து விவாகரத்துக்கு யார் மேலும் குற்றம் சொல்லத் தேவையில்லை.

என் பிரிவும் இந்த வழியில்தான் நடந்தது. முகம் பார்க்க முடியாத நிலை, ஆகவே இருவரையும் வேறு வேறு அறையில் இருத்தி மத்தியஸ்தர் இங்கும் அங்கும் நடந்து பேசினார். அவர் எனக்குச் சட்ட ஆலோசனை சொல்லவில்லை, அவளுக்கும் சொல்லவில்லை. அதற்குத் தனித்தனி லோயர். பேசி முடிந்த பிறகு அதை நீதிமன்றத்துக்கு அனுப்பிச் சம்மதக் கட்டளை எடுத்தோம். அதுவரை அது வெறும் தாள். ஊரில் சபையில் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்.

வேறு வேறு அறை என்கிற ஒழுங்கை ஊரிலும் கேட்டுப் பார்க்கலாமே? சபைகள் சனி, ஞாயிறில் பள்ளிக்கூடங்களில் கூடுகின்றன, வகுப்பறைக்குப் பஞ்சமில்லை.

லதா ரீச்சர்

கேட்கலாம். நாங்கள் செய்திருக்கிறோம்.

படுவான்கரையான்

எல்லாவற்றையும் வாசித்தேன். கல்லடித் தங்கச்சி, உங்களுக்கு நடந்தது நியாயமில்லை. அடி இருக்கிற இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடவே கூடாது என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மற்ற இடங்களில் பெரியவர்களை முழுக்கத் தள்ளிவிட வேண்டாம். அத்தான்மார் சபையின் கடிதத்துக்கு வரமாட்டார்கள், தாய்மாமன் போய்க் கூப்பிட்டால் வருவார்கள். பெரியவர் கூட்டிக்கொண்டு வரட்டும், பேச்சைச் சபை நடத்தட்டும். இதில் பிழை இருக்கிறதா?

கல்லடிப் பாலத்தடி

இல்லை அண்ணன். கூட்டி வந்துவிட்டு அவர் வெளியே இருந்தால் சரி.

களுவாஞ்சித் தம்பி

எல்லோருக்கும் நன்றி. கல்லடி அக்கா சொன்னபடி அக்காவைத் தனியாக இருத்திக் கேட்டேன். பயம் ஒன்றும் இல்லை, களைத்துப் போய்விட்டேன் என்றுதான் சொன்னா. உறுதியை எடுத்துப் பார்த்தோம். ரீச்சர் சொன்னதுதான் நடந்திருக்கிறது, காணி இன்னும் அம்மாவின் பெயரில்.

அத்தான் போனில் ஒரு யோசனை சொல்கிறார். வீட்டை அவர் கேட்கமாட்டாராம், அதற்குப் பதிலாக அக்கா பிள்ளைகளுக்குத் தாபரிப்புக் கேட்கக்கூடாதாம். அம்மாவுக்கு அது நல்ல யோசனையாகப் படுகிறது. எனக்கு ஏதோ உறுத்துகிறது.

கோட்டடிச் சட்டத்தரணி

உறுத்துவது சரிதான் தம்பி. நம் பகுதியில் திரும்பத் திரும்பப் பார்க்கிற பேரம் இது, தயவுசெய்து இதற்குச் சம்மதிக்க வேண்டாம். தாபரிப்பு பிள்ளைகளின் உரிமை. தாய் அதை வீட்டுக்கு மாற்றாக விற்க முடியாது. 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின்படி 18 வயதுவரை நீதவான் நீதிமன்றத்தில் கேட்கலாம், தேவையைப் பொறுத்து 25 வயதுவரையும் நீளும். இன்று ‘கேட்கமாட்டேன்’ என்று எழுதினால் நாளைக்கு மகள் ஏ.எல். படிக்கும்போது அக்கா கேட்கத்தான் போகிறா. அப்போது அத்தான் ‘ஏமாற்றிவிட்டார்கள்’ என்பார். இரண்டு கணக்கையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடவே கூடாது.

வீட்டுக் கணக்கு இப்படி: பொதுவாகக் காணி யாருடையதோ அதில் நிற்கிற வீடும் அவருடையது. ஆனால் கட்டியவர் தன் செலவுக்கு நட்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். ஆகவே அத்தான் வெறுங்கையோடு நிற்கவில்லை. அவர் அனுப்பிய பாங்குச் சீட்டுகள், அக்காவின் நகையின் அடகுச் சீட்டு, லோன் புத்தகம் எல்லாவற்றையும் மேசையில் வையுங்கள். நகையும் அதே வீட்டுக்குத்தான் போனது. அதையும் கழித்துப் பார்த்தால் கொடுக்க வேண்டிய தொகை நீங்கள் பயப்படுகிற அளவு வராது. தவணையாகக் கொடுக்கலாம். அம்மா அந்தக் காணியைப் பிள்ளைகளின் பெயருக்கு உறுதி எழுதி, உயிருள்ளவரை அனுபவிக்கிற ஆயுள் உரிமையை அக்காவுக்கு வைக்கலாம். வீடு தன் பிள்ளைகளுக்கே போகும் என்று உறுதியில் கண்டால் அத்தான் தொகையைக் குறைக்கவும் கூடும்.

தாபரிப்புத் தொகையைப் பேசி முடித்த பிறகு நீதவான் நீதிமன்றத்தில் சம்மதத்தோடு கட்டளையாக்குங்கள். ஊரில் உழைக்கிறவர் என்றால் கட்டாவிட்டால் சம்பளத்தில் கழிக்கச் செய்யலாம், மறியலும் (சிறை) உண்டு. கட்டாரில் இருக்கிற கம்பனிச் சம்பளத்தில் இங்குள்ள நீதவான் கை வைக்க முடியாது. அதனால் அவர் லீவில் நிற்கும்போதே இதை முடியுங்கள். பாங்கில் மாதா மாதம் தானாகப் போகிற நிரந்தரக் கட்டளை ஒன்றையும் போட வையுங்கள். நிலைமை மாறினால் தொகையைக் கூட்டவும் குறைக்கவும் நீதிமன்றத்தைக் கேட்கலாம் என்பதை அவருக்கும் சொல்லுங்கள், வேலை போனால் என்ன செய்வேன் என்கிற அவர் பயம் குறையும்.

லோயருக்குக் காசில்லை என்றால் மட்டக்களப்பிலும் கல்முனையிலும் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. வருமானத்தைப் பார்த்து இலவசமாகச் செய்வார்கள்.

லதா ரீச்சர்

பிள்ளைகள் பற்றி இந்த இழையில் யாரும் அதிகம் எழுதவில்லை. நான் எழுதிவிடுகிறேன்.

‘பிள்ளைகள் தாயோடு, தகப்பன் விரும்பினால் பார்க்கலாம்’ என்று ஒரு வரி எழுதி முடிப்பார்கள். அந்த வரியால்தான் அடுத்த சண்டை வரும். விரும்பினால் என்றால் எப்போது, எங்கே? கட்டாரில் இருக்கும்போது வீடியோ கோல் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று எழுதுங்கள். அக்காவின் போனில் கூப்பிடுவது கஷ்டம் என்றால் அம்மம்மாவின் போன். லீவில் வந்தால் பிள்ளைகள் அப்பம்மா வீட்டில் எத்தனை இரவு தங்கலாம், கோயில் திருவிழா நாட்களில் யாரோடு, யார் கூட்டிப்போய் யார் திரும்பக் கொண்டுவந்து விடுவது என்று எழுதுங்கள். பாஸ்போட் எடுக்க இருவரும் கையெழுத்து வைப்பதா என்றும் எழுதுங்கள். அக்காவே நாளைக்கு வெளிநாடு போக நேர்ந்தால் பிள்ளைகள் யாரிடம் என்பதையும் இப்போதே பேசுங்கள், இங்கே எத்தனை வீட்டில் அது நடக்கிறது. அஸ்வெசும (அரசின் நலன்புரிக் கொடுப்பனவு) காசு யார் கணக்கில் வருகிறது என்றும் பாருங்கள், குடும்ப விபரம் மாறினால் பிரதேச செயலகத்தில் திருத்த வேண்டும்.

மகள் ஸ்கொலர்ஷிப் எழுதப்போகிற பிள்ளை, எல்லாம் விளங்கும். எந்தப் பக்கம் என்று அவளிடம் யாரும் கேட்கக்கூடாது. பிரதேச செயலகத்தில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருப்பார், பேச்சு தொடங்கும் முதலே அவளை ஒருதரம் கூட்டிப்போங்கள். அப்பாவும் அம்மாவும் பிரிந்தது அவள் செய்த பிழையால் இல்லை என்பதை வெளியாள் ஒருவர் சொல்லிக் கேட்பது பிள்ளைக்கு வேறு மாதிரி.

சபைக்கு விண்ணப்பம் அக்காவே கையால் எழுதிக் கொடுக்கலாம், படிவம் வேண்டாம். அத்தானின் லீவு எப்போது தொடங்குகிறது என்று அதிலேயே குறிப்பிட்டு அந்த வாரத்துக்குள் நாள் தரும்படி கேளுங்கள். அம்மாவின் உறுதியின் நிழற்பிரதியையும் இணையுங்கள்.